ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு

மகளின் திருமண நாளில் தந்தையின் இடம் எது என்று நம் பங்குமக்களுள் எவரிடமும் நாம் கேட்க வேண்டியதில்லை. கோவில் வாசலிலிருந்து பீடம்வரை மகளை அழைத்து வர வேண்டியவர் அவர். அலுவலகத்தில் விடுப்புத் தரவில்லை என்று அவர் சொன்னால், உறவினர் எளிதில் மன்னிக்க மாட்டார்கள். எனினும் 2018-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 6-ஆம் நாள், சனிக்கிழமையன்று, அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு தந்தைக்கு இத்தகைய சங்கடம் வந்து சேர்ந்தது. மகளின் திருமணம் வடமேற்கே மொன்டானா மாநிலத்தில். அவர் வாக்களிக்க வேண்டிய அவையோ கிழக்குக் கரையோரத்துத் தலைநகராகிய வாஷிங்டனில். அவர் பெயர் ஸ்டீவ் டெய்ன்ஸ். செனட் எனப்படும் மேலவையின் உறுப்பினர்.

அன்று அவ்வவையில் என்ன வாக்கெடுப்பு என்பதை முதலில் சொல்லிவிடுவோம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஒன்பதுபேர். ஓர் இடம் காலியானால் நாட்டின் தலைவர் ஒருவரை முன்மொழிவார். செனட் சபை இசைவு தந்தாலன்றி அவர் பதவி ஏற்க இயலாது. இசைவு பெற்றுவிட்டாலோ வாழ்நாள் முழுவதும் அந்த இருக்கை அவருடையது. 2018-இல் நீதிபதி ஆந்தனி கென்னடி ஓய்வு பெற்றார். அவரிடத்திற்குத் தலைவர் டிரம்ப் முன்மொழிந்தவர் பிரெட் கவனா. கத்தோலிக்கர், இயேசு சபையார் நடத்தும் பள்ளியில் பயின்றவர்.

கோடைக்காலம் முழுவதும் கட்சிக்குக் கட்சி நடந்த வாதம் செப்டம்பரில் வேறு உருவம் கொண்டது. கிறிஸ்டீன் பிளேசி ஃபோர்டு என்னும் பேராசிரியை, 1982-ஆம் ஆண்டில், தாம் இருவரும் பள்ளிப் பருவத்தினராய் இருந்தபோது, ஒரு வீட்டில் அவர் தம்மைப் பலவந்தம் செய்ய முற்பட்டார் என்று குற்றஞ்சாட்டினார். கவனா அதனை அடியோடு மறுத்தார். செப்டம்பர் 27 அன்று இருவரும் ஒருவர் பின் ஒருவராக, ஆணையிட்டு, செனட் சபையின் நீதித்துறைக் குழுவின் முன் பேசினர். ஒருவர் நடந்தது என்றார். மற்றவர் நடக்கவில்லை என்றார். நாடே தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து கேட்டது. மறுநாள் குழு 11-க்கு 10 என்ற கணக்கில் அவர் பெயரை அவைக்கு அனுப்பியது. அக்குழுவில் இருந்த ஜெஃப் ஃபிளேக் என்பவர் கேட்டுக்கொண்டதன் பேரில், எஃப்.பி.ஐ. எனப்படும் புலனாய்வுத் துறைக்கு ஒரு வாரத் தவணை தரப்பட்டது. அவ்வளவே.

முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மூடிய அறையில் நடந்ததா இல்லையா என்பதை நூறுபேர் வாக்களித்துத் தீர்மானிக்க இயலுமா? இயலாது அன்றோ? ஒருவருக்குப் பதவி தரலாமா என்பதை எண்ணிக்கை தீர்மானிக்கும். அதற்கென்றே அது ஏற்பட்டது. உண்மை எது என்பது அதன் எல்லைக்குள் வராது. அதனை ஆராய வேறு வழிகள் உள்ளன. அவற்றுக்குப் பொறுமையும் காலமும் வேண்டும். ஒரு வாரம் போதாது என்பதே நம் எண்ணம். குற்றஞ்சாட்டியவருக்கும் அது நியாயம் ஆகாது, சாட்டப்பட்டவருக்கும் ஆகாது. இருவரில் எவர் சொன்னது உண்மை என்று தீர்ப்புக் கூற நாம் முன்வரவில்லை. கூற வேண்டிய இடத்தில் இருந்தவர்கள்தாம் அவசரப்பட்டார்கள் என்கிறோம்.

எண்ணிக்கையில் வென்றது எல்லாம் நீதி ஆகிவிடாது என்பதை நாம் ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று தியானிக்கிறோம். யூதர்களின் தலைமைச் சங்கமும் ஓர் அவைதான். அங்கும் பெரும்பான்மை இருந்தது. அரிமத்தேயா ஊர்ச் சூசை அச்சங்கத்தின் உறுப்பினராய் இருந்தும் அதன் தீர்மானத்துக்கு இசையவில்லை என்று புனித லூக்கா குறிப்பிடுகிறார். அதற்கும் முன்னரே, ஒருவரை விசாரிக்காமல் தீர்ப்பிடலாமா என்று நிக்கோதேமு கேட்டதைப் புனித அருளப்பர் எழுதி வைத்தார். அவ்விருவர் பேச்சும் அன்று எடுபடவில்லை.

வாஷிங்டனுக்குத் திரும்புவோம். அப்போது செனட் சபையில் குடியரசுக் கட்சிக்கு 51 இடங்கள்; எதிர்த்தரப்புக்கு 49. அக்டோபர் 5, வெள்ளிக்கிழமை பிற்பகல்வரை, சிலர் எப்பக்கம் சாய்வர் என்று எவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. அவர்களுள் மூவர் மீது எல்லார் கண்ணும் பதிந்திருந்தது. மேயின் மாநிலத்துச் சூசன் காலின்ஸ், அலாஸ்கா மாநிலத்து லிசா மர்கவுஸ்கி, மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மான்சின். முன்னவர் இருவரும் முன்மொழிந்தவரின் கட்சியினர், மூன்றாமவர் எதிர்க்கட்சியினர். நம் வாசகர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: மூவருமே கத்தோலிக்கர்.

இம்மூவரும் செய்தது என்ன? காலின்ஸ் அம்மையார் அவையில் எழுந்து ஏறத்தாழ முக்கால் மணி நேரம் பேசினார். பேராசிரியை பெரும் துன்பத்துக்கு ஆளானவர் என்பதைத் தாம் நம்புவதாகவும், ஆயினும் குற்றத்தை இவர் மேல் ஏற்றுவதற்குத் துணைச்சான்று கிட்டவில்லை என்றும், சான்றின்றி ஒருவரைத் தள்ளுவது முறையன்று என்றும் கூறி, கவனாவுக்கு ஆதரவு தந்தார். மர்கவுஸ்கி அம்மையார், கவனா நல்ல மனிதர் என்றே தாம் கருதுவதாகவும், ஆனால் இவ்வேளையில் இந்நீதிமன்றத்துக்கு ஏற்றவர் அல்லர் என்றும் கூறித் தம் கட்சியிலிருந்து தனித்து நின்றார். மான்சின் தம் கட்சியில் தாம் ஒருவராக ஆதரித்தார். அன்று விவாதத்தை முடித்து வைக்கும் தீர்மானம் 51-க்கு 49 என நிறைவேறிற்று.

ஒரே ஞானஸ்நானம், ஒரே நற்கருணை, மூன்று வேறு கணக்குகள். இது நம்மில் சிலருக்கு இடறலாகத் தோன்றலாம். அமெரிக்க இயேசு சபையார் வெளியிடும் 'அமெரிக்கா' என்னும் இதழும் ஜூலைத் திங்களில் கவனாவை ஆதரித்து எழுதியது. செப்டம்பர் விசாரணைக்குப் பின் அந்த ஆதரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. திருச்சபையின் பிள்ளைகள் இவ்வாறு பிரிந்து நிற்கலாமா என்று கேட்பார் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில் இதற்கு மறுமொழி இருக்கிறது. உலகியல் சிக்கல்களுக்குத் தீர்வு காண்பதில் விசுவாசிகள் நேர்மையாகவே வேறுபடக்கூடும். அவ்வேளையில் எவரும் திருச்சபையின் அதிகாரத்தைத் தம் கருத்துக்கு மட்டும் உரிமை கொண்டாடலாகாது என்பது அதன் கருத்து. தேர்தல் காலத்தில் நம் வீடுகளில் அண்ணன் ஒரு கொடியும் தம்பி ஒரு கொடியும் பிடிக்கும்போது, இந்தப் பகுதியை இருவருக்கும் வாசித்துக் காட்டலாம். "கோவிலுக்குப் போகிறவன் இந்தச் சின்னத்துக்குத்தான் போட வேண்டும்" என்று மிரட்டும் உறவினருக்கு இருமுறை வாசித்துக் காட்டலாம்.

இனி, அந்தத் தந்தையின் சங்கடம். டெய்ன்ஸ் கவனாவை ஆதரிப்பவர். வாக்கு தேவைப்பட்டால் திருமணத்திலிருந்து அவரை வாஷிங்டனுக்கு அழைத்து வர, மொன்டானாவைச் சேர்ந்த மக்களவை உறுப்பினர் ஒருவர் தம் சொந்த விமானத்தைத் தருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குத் தேவை ஏற்படாமல் செய்தவர் மர்கவுஸ்கி அம்மையார். டெய்ன்ஸ் 'வேண்டும்' என்பவர். இவர் 'வேண்டாம்' என்பவர். செனட் சபையில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஒருவர் தவிர்க்க இயலாத காரணத்தால் வர முடியாமற்போனால், எதிர்க் கருத்துடைய மற்றொருவர், தாம் அவையில் இருந்தும், தம் வாக்கை விட்டுக்கொடுத்து அவருடன் சோடி சேர்வார். இருவர் வாக்கும் கழிந்துவிடும். இரு தரப்புக்கும் இடையே உள்ள வேறுபாடு மட்டும் அப்படியே நிற்கும். எழுதப்பட்ட விதி எதுவும் இதற்கு ஒருவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. கொடுத்த வாக்கே இதன் பிணை.

சனிக்கிழமை பிற்பகல் எழுத்தர் பெயர் பெயராக அழைக்க, உறுப்பினர் தத்தம் இருக்கையிலிருந்து மறுமொழி கூறினர். பார்வையாளர் மாடத்திலிருந்து பெண்கள் குரலெழுப்பினர். அவைக்குத் தலைமை தாங்கிய துணைத் தலைவர் பென்ஸ் மாடத்தில் அமைதியை நிலைநாட்டுமாறு காவலருக்கு மீண்டும் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. மர்கவுஸ்கி அம்மையார், தம் வாக்கு எதிர் வாக்காகவே இருந்திருக்கும் என்று அவையறியச் சொல்லிவிட்டு, பள்ளியில் பிள்ளைகள் 'உள்ளேன் ஐயா' என்பது போல, 'உள்ளேன்' என்று மட்டும் பதிவு செய்யக் கேட்டுக்கொண்டார். 51-க்கு 49 என்று முடிய வேண்டிய கணக்கு 50-க்கு 48 என்று முடிந்தது. கழித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றே.

டெய்ன்ஸ் வராமலேயே, சோடியும் இல்லாமலேயே, 50-க்கு 49 என்று அது நிறைவேறித்தான் இருக்கும். ஆகவே இந்தச் செயல் முடிவை மாற்றவில்லை. அதனை அம்மையாரே சொன்னார். ஒருவருக்கொருவர் பண்புடன் நடக்கும் சிறு அடிகளை எடுத்து வைக்க நம்மால் இன்னும் கூடும் என்பதற்கு இது நினைவூட்டலாய் இருக்கட்டும் என்பதே அவர் விளக்கம். ஓர் இடைக்குறிப்பு: வாக்கை எண்ணுவதன் அருமை இவருக்கு நன்கு தெரியும். 2010-இல் கட்சியின் உட்தேர்தலில் தோற்ற இவரை, வாக்குச்சீட்டில் அச்சிடப்படாத இவர் பெயரைத் தம் கையாலேயே எழுதி, அலாஸ்கா மக்கள் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெற்றி பெறச் செய்தனர். எழுத்துப் பிழையுள்ள சீட்டுகள் செல்லுமா என்ற வழக்கு நீதிமன்றம்வரை சென்றது.

இந்தப் பண்பாட்டைப் பழித்தவர்களும் உண்டு. வெளியே பெண்கள் தம் பழைய காயங்களைச் சொல்லி அழுது நிற்கும்போது, உள்ளே உறுப்பினர்கள் தங்களுக்குள் மரியாதை பாராட்டிக்கொள்வது என்ன நியாயம் என்று அவர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை நாம் எளிதாகத் தள்ளவில்லை. நம் பங்கு இல்லங்களிலேயே, பெரியவர்களின் கௌரவம் கெடக் கூடாது என்பதற்காக ஒரு சிறு பெண்ணின் வாய் அடைக்கப்படுவது உண்டு. அத்தகைய மரியாதை பாவம். அத்துடன் இதனை ஒன்றாக வைக்க முடியுமா? முடியாது என்றே தோன்றுகிறது. அம்மையார் தம் கருத்தை மறைக்கவில்லை. 'வேண்டாம்' என்பதை நாடறியச் சொன்னார். தம் கட்சியின் சினத்தைத் தாங்கினார். விட்டுக்கொடுத்தது எண்ணிக்கையில் ஓர் எண்ணை, கருத்தை அன்று. அதனால் பயன் பெற்றவரும் ஆற்றல் மிக்க நீதிபதி அல்லர். மணக்கோலத்தில் நின்ற, இந்த வழக்கோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒரு பெண்.

வாக்களிக்காமல் இருப்பதற்கு வேறொரு முகமும் உண்டு. அதனை நம் நாட்டிலேயே கண்டிருக்கிறோம். இங்கு நீதிபதிகளை நாடாளுமன்றம் வாக்கெடுத்து நியமிப்பதில்லை. பதவியிலிருந்து நீக்குவதற்கு மட்டுமே அங்கு வாக்கெடுப்பு. 1993 மே 11 அன்று, தமிழகத்தைச் சேர்ந்த நீதிபதி வி. இராமசாமி அவர்களை உச்ச நீதிமன்றத்திலிருந்து நீக்கும் தீர்மானம் மக்களவையில் வாக்குக்கு விடப்பட்டது. ஆதரித்தோர் 196. எதிர்த்தோர் ஒருவரும் இல்லை. அவையில் அமர்ந்தும் வாக்களிக்காதோர் 205. தேவையான அளவு வாக்கு இல்லாமல் தீர்மானம் வீழ்ந்தது. அந்தத் தீர்மானம் சரியா தவறா என்பது இருக்கட்டும். 'வேண்டாம்' என்று வாய்திறந்து சொல்ல 205 பேரில் ஒருவர்கூட எழவில்லை என்பதே நமக்கு உறுத்துகிறது. தாம் எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டு வாக்கை விடுவது வேறு. எந்தப் பக்கம் என்பதை மறைக்க வாக்கை விடுவது வேறு.

அமெரிக்காவில் எண்ணிக்கை எப்போதுமே இப்படி இறுகிக் கிடக்கவில்லை. 1986-இல் ஆந்தனின் ஸ்காலியாவை 98-க்கு 0 என்று செனட் சபை ஏற்றது. 1993-இல் ரூத் பேடர் கின்ஸ்பர்க் அம்மையாரை 96-க்கு 3 என்று ஏற்றது. இருவரும் சட்டத்தைப் பற்றிக் கிழக்கும் மேற்குமாய்க் கருத்துக் கொண்டவர்கள். ஆனால் நெருங்கிய நண்பர்கள். இசை நாடகம் காணச் சேர்ந்தே செல்வார்கள். ஸ்காலியா ஒன்பது பிள்ளைகளின் தந்தை. 2016-இல் அவர் இறந்தபோது அடக்கத் திருப்பலியை ஒப்புக்கொடுத்தவர் குருவாகிய அவர் மகனே.

அந்தப் பழக்கம் ஒரே நாளில் போய்விடவில்லை. 1987-இல் ராபர்ட் போர்க் என்பவரை 42-க்கு 58 என்று அவை நிராகரித்தது. 1991-இல் கிளாரன்ஸ் தாமஸ் மீதும் ஒரு பெண் தகாத நடத்தைக் குற்றம் சாட்ட, அவரும் மறுக்க, 52-க்கு 48 என்று அவர் ஏற்கப்பட்டார். (இளமையில் சிறிது காலம் குருமடத்தில் பயின்றவர் அவர்.) 2016-இல் ஸ்காலியாவின் இடத்துக்குத் தலைவர் ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டுக்கு 293 நாள் விசாரணையும் இல்லை, வாக்கும் இல்லை. எண்ண மறுப்பதும் ஒரு வகை எண்ணிக்கைதான் போலும்! விவாதத்தை முடிக்க 60 பேர் இசைய வேண்டும் என்ற விதியை, கீழ்நிலை நீதிமன்றங்கள் மட்டில் 2013-இல் ஒரு கட்சி தளர்த்தியது. உச்ச நீதிமன்றத்துக்கும் 2017 ஏப்ரலில் மறு கட்சி தளர்த்தியது. அறுபது வேண்டும் என்றிருந்தவரை எதிர்ப்பக்கத்தில் சிலரையேனும் இணங்க வைக்க வேண்டியிருந்தது. ஆதலால் முன்மொழிபவரும் சற்று யோசித்தே முன்மொழிந்தார். வெறும் பெரும்பான்மை போதும் என்றான பின், எதிர்ப்பக்கத்தாரிடம் பேச வேண்டிய தேவையே இல்லாமற்போயிற்று. இரு கட்சியும் சேர்ந்து அறுத்த கிளை இது.

நம் திருச்சபையும் எண்ணுகிறது. 2025 மே 8 அன்று 133 கர்தினால்மார் கூடித் திருத்தந்தை பதினான்காம் சிங்கராயரைத் தேர்ந்தெடுத்தபோது, மூன்றில் இரண்டு பங்காகிய 89 வாக்குகளேனும் தேவைப்பட்டன. சீட்டுகளைப் பிரிக்குமுன் அவற்றை எண்ணுவார்கள். வாக்காளர் தொகையோடு அது பொருந்தவில்லை எனில் ஒன்றையும் பிரிக்காமல் எரித்துவிட்டு மீண்டும் வாக்கெடுப்பார்கள். ஒருவரையொருவர் இணங்க வைத்தாலன்றி மூன்றில் இரண்டு பங்கு கிட்டாது. வாஷிங்டனார் கைவிட்டது இதைத்தான்.

கவனா பெற்றது போன்ற குறுகிய வெற்றியை முன்னர்க் காண வேண்டுமெனில் 1881-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு மே 12 அன்று ஸ்டான்லி மத்தியூஸ் என்பவர் 24-க்கு 23 என்று, ஒரே வாக்கில், உச்ச நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். இரயில்பாதை முதலாளிகளின் வழக்கறிஞர், அவர்களுக்கே ஊழியம் செய்வார் என்பது எதிர்த்தோரின் அச்சம். ஐந்தாண்டுகள் சென்றன. சான் பிரான்சிஸ்கோ நகரில் மரக்கட்டடத்தில் சலவைக்கடை நடத்த நகர அவையத்தாரின் அனுமதி வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. விதியில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. ஆனால் விண்ணப்பித்த சீனர் இருநூற்றுவரில் ஒருவருக்கும் அனுமதி கிடைக்கவில்லை. சீனர் அல்லாத ஏறத்தாழ எண்பதின்மரில் ஒருவர் நீங்கலாக எல்லாருக்கும் கிடைத்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் துணி வெளுத்த ஒரு சீனர், பத்து டாலர் அபராதம் கட்டாமல் சிறை சென்று, உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். 'யிக் வோ வழக்கு' என்று சட்ட மாணவர் இன்றும் படிக்கும் அவ்வழக்கில், எழுத்தில் நேராயிருக்கும் சட்டத்தையும் வஞ்சக நெஞ்சத்தோடு நடத்தினால் அது அநீதியே என்று, குடியுரிமை இல்லாத அந்த ஏழைக்காகத் தீர்ப்பு எழுதியவர் மத்தியூஸ். நீதிமன்றம் முழுவதும் ஒருமனதாய் உடன்பட்டது. அன்றைய 23 பேர் இதனை எதிர்பார்த்திருப்பார்களா? அவர்கள் எதிர்த்தது தவறு என்று நாம் சொல்லவில்லை. அன்று அவர்களுக்குத் தெரிந்த காரணத்தின்படி எதிர்த்தார்கள். நம்மவர் என்று மகிழ்வதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவ்வுச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதற் கத்தோலிக்கர் ரோஜர் டானி. அடிமை மரபினராகிய கறுப்பர் குடிமக்களாக இயலாது என்று 1857-இல் தீர்ப்பு எழுதியவரும் அவரே.

2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 7 அன்று அதே செனட் சபை மற்றொரு நீதிபதிக்காகக் கூடிற்று. கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன் அம்மையார். ஏற்கப்பட்டால் அந்நீதிமன்றத்தில் அமரும் முதல் கறுப்பினப் பெண். தலைமை தாங்கியவர், தாய்வழியில் தமிழகத்தோடு உறவுடைய, அப்போதைய துணைத் தலைவர் கமலா ஹாரிஸ். 2018-இல் பிரிந்து நின்ற காலின்ஸும் மர்கவுஸ்கியும் இம்முறை ஒரே பக்கம். இருவரும் தம் கட்சியை விட்டு ஆதரித்தனர். முடிவு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் கென்டக்கி மாநிலத்து ராண்ட் பால் என்பவர் இன்னும் வந்து சேரவில்லை. அவர் எதிர்த்தே வாக்களிப்பார் என்பதும், அதனால் ஒன்றும் மாறாது என்பதும் எல்லாரும் அறிந்ததே. மாடத்தில் மக்கள் காத்திருந்தனர்; நீதிபதியை ஆதரித்தோரும் கைதட்டக் காத்திருந்தனர். அவை முடிவை அறிவிக்காமல் சிறிது நேரம் காத்திருந்தது. அவர் வந்தார். அவையை ஒட்டிய சிற்றறையின் வாசலில் நின்றவாறே 'வேண்டாம்' என்றார். அதனையும் எண்ணிய பின்னரே, 53-க்கு 47 என்று அறிவித்தார்கள்.